தூரத்தில் இருக்கும் சிநேகிதிக்கு ஊரை அனுப்புவது எப்படி?

திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் நீடாமங்கலம், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் ஆள் வெளியே போகாத தெருவே கிடையாது. படிப்பு முடித்த பையன் திருப்பூருக்குப் போகிறான், கல்யாணமான பெண் சிங்கப்பூருக்குப் போகிறாள், கடனை அடைக்க ஒருவர் குவைத்துக்குப் போகிறார். பாஸ்போர்ட் எடுப்பதற்கும், விசா அடிப்பதற்கும், பணம் அனுப்புவதற்கும் வழி சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஊரில் விட்டுவிட்டுப் போகிற சிநேகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. ‘போன் இருக்கே, பேசிக்கலாம்’ என்பதோடு சரி. ஆறே மாதத்தில் அந்தப் பேச்சு பொங்கல் வாழ்த்தாகவும் பிறந்தநாள் வாழ்த்தாகவும் சுருங்கிவிடும்.

நானும் என் தோழியும் மன்னார்குடியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் கூத்தாநல்லூர்க்காரி. 2009-ல் நிக்காஹ் முடிந்து சிங்கப்பூர் போனாள். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரை கிராமம் ஒன்றில் இருக்கிறேன். முதல் மூன்று வருஷம் எங்கள் சிநேகம் கிட்டத்தட்ட அணைந்தே போனது. அதைத் திரும்ப ஏற்றி, இன்றுவரை அணையாமல் வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பிரிந்தவர்களுக்கு, போனவருக்கும் இருப்பவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

அப்போதெல்லாம் அவள் காலிங் கார்டு வாங்கித்தான் பேசுவாள். ‘அங்க என்னடி விசேஷம்?’ ‘ஒண்ணுமில்ல. அங்க?’ ‘இங்கயும் ஒண்ணுமில்ல.’ அப்புறம் அம்மா நல்லா இருக்காங்களா, அத்தா (அப்பாதான்) நல்லா இருக்காங்களா, சாப்பிட்டியா. கார்டில் காசு மிச்சம் இருக்கும்போதே பேச்சு தீர்ந்துவிடும். வைத்த பிறகு இரண்டு பேருக்கும் மனசு வெறிச்சென்று இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

நம் பேச்சில் விசேஷம் என்றால் கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், முழுகாமல் இருப்பது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனசு அந்த மாதிரிச் சேதியைத் தேடும். இல்லையென்றால் ‘ஒண்ணுமில்ல’ என்று கையை விரித்துவிடும். அன்றைக்குக் காலையில் கொல்லையில் நடந்தது, கடைத்தெருவில் பார்த்தது எல்லாம் சொல்லத் தகாதவை என்று ஒதுங்கிவிடும். நாம் வாழ்ந்த நாளெல்லாம் அதுதானே?

எங்களுக்கு வழி திறந்தது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். 2012 சித்திரை வெயில். கேட் போட்டு, பஸ் நகராமல் நிற்கிறது. மன்னார்குடி ரயில் வந்தால் இஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டித்தான் திருப்ப வேண்டும். அதற்குள் ஒரு கூட்ஸும் வந்துவிட்டால் ரோட்டில் வண்டி மைல் கணக்கில் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து அவள் கூப்பிட்டாள். ‘எங்கடி இருக்கே?’ ‘கேட்ல மாட்டிக்கிட்டேன்.’ ‘வெள்ளரிப்பிஞ்சு விக்கிறாங்களா?’ ‘ஜன்னலோரம் நிக்கிறாங்க.’ ‘பிஞ்ச நாலாக் கீறி மொளகாப்பொடி தடவித் தர்றாங்களா, இல்ல சும்மா குடுக்குறாங்களா?’ அன்றைக்குக் கேட் திறந்து, பஸ் கிளம்பி, நான் இறங்கி வீட்டுக்கு நடந்து போகிற வரைக்கும் பேசினோம். விசேஷம் என்று ஒன்றுகூட அதில் இல்லை.

அன்றிலிருந்து ஒரே பழக்கம்தான்: நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது. இப்போது எங்கே இருக்கிறேன், கையில் என்ன வேலை, கண் முன்னால் யார் போகிறார்கள். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் மீதி தானாக வரும். போன ஐப்பசியில் நான் அனுப்பிய ஒரு குரல்பதிவை அப்படியே எழுதுகிறேன்:

‘ஏய், கொல்லையில ஒக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டு இருக்கேன். மழை இப்பதான் விட்டுச்சு. மேலத்தெரு பெரியம்மா மருமவ சைக்கிள் கத்துக்குது, ரெண்டு தடவை வேலியில கொண்டுபோயி விட்டுடுச்சு. அடி ஒண்ணும் இல்ல. தாளடி நட ஆள் கெடைக்கல, எங்களுக்கு மிஷின் நடவுதான். அத்தாச்சி வயலு மட்டும் கை நடவு. ராத்திரிக்கு அடை தட்டப்போறேன்.’

அவளிடமிருந்து வந்த ஒன்று:

‘லிப்ட்டுக்கு நிக்கிறேன்டி. சீனவங்களுக்கு ஏழாம் மாசம்ல, செத்துப்போனவங்களுக்குன்னு கீழ தகர பீப்பாயில காகிதம் கொளுத்துறாங்க. சாம்பலு மேல வரைக்கும் பறக்குது. மூங்கில் கழியில காயப்போட்ட துணியெல்லாம் அவசரமா உள்ள இழுத்துட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ரெண்டு ஆரஞ்சு குடுத்துச்சு. நான் என்ன குடுக்குறதுன்னு யோசிச்சு நம்ம கேழ்வரகு முறுக்கு குடுத்தேன். கடிச்சுப் பாத்துட்டுச் சிரிக்குது, பல்லு இல்ல அதுக்கு.’

இதைக் கேட்டதிலிருந்து அந்தப் பாட்டி எனக்கும் பக்கத்து வீடுதான்.

நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்

போன முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய், சார்ஜா, மஸ்கட் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மார்ச் கடைசியில் கடிகாரத்தை மாற்றிவிட்டால் நாலரை. நாம் ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓய்வாக உட்காரும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு. இது தெரியாமல் ‘ஏன் எடுக்கல?’ என்று முகம் தூக்குவதில்தான் பல சிநேகம் முறிகிறது.

விடுமுறை நாளையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் வெள்ளி, சனி. ஐக்கிய அமீரகத்தில் (சார்ஜா தவிர) அரசு அலுவலகங்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கு எந்த நாள் ஓய்வு என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது.

அமீரகம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே சாதாரண வாட்ஸ்அப்பில் பேச்சு அழைப்பும் வீடியோ அழைப்பும் போகாது. குரல்பதிவு, படம், எழுத்து எல்லாம் தடையில்லாமல் போகும். நேரடியாகப் பேச அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலிகள் உண்டு. போன புதிதில் இது தெரியாமல் ‘அவன் எடுக்கவே மாட்டேங்கிறான்’ என்று இங்கே ஒரு வாரம் கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அழைப்பைவிடக் குரல்பதிவுதான் சிநேகத்துக்கு ஏற்றது. கேட்கிறவர் தன் நேரத்தில் கேட்கலாம்; பஸ்ஸில், சமையல்கட்டில், தூக்கம் வராத ராத்திரியில். நாங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று அனுப்பிக்கொள்வோம். பதில் வரவில்லை என்றால் கணக்குக் கேட்பதில்லை என்பதை ஆரம்பத்திலேயே வாய்விட்டுப் பேசி முடிவு செய்தோம். அவளுக்குக் குழந்தை பிறந்த வருஷம் என்னுடைய பதினோரு பதிவுக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு பதில்தான் வந்தது. அதில் குழந்தை அழுகிற சத்தம் பாதி, அவள் பேச்சு பாதி. எனக்கு அது போதுமாக இருந்தது.

குரல்பதிவை எப்படி எடுப்பது

சத்தத்தைப் பின்னணி என்று நினைக்காதீர்கள். தூரத்தில் இருப்பவருக்குப் பாதி ஊர் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. பதிவைத் தொடங்கியதும் அரை நிமிஷம் பேசாமல் இருங்கள். ரைஸ்மில் ஓடுவது, பஸ் கண்டக்டரின் விசில், மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுவது எல்லாம் விழட்டும். அப்புறம் பேசுங்கள். காற்றடிக்கிற வரப்பில் நின்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, போனை மார்போடு ஒட்டிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வெறும் ‘புஸ்’ என்ற இரைச்சல்தான் போகும். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் இரண்டாக உடைத்து அனுப்புங்கள். தொடக்கத்தில் தேதியைச் சொல்லுங்கள். பிற்பாடு தேடி எடுக்க உதவும்.

டெல்டாக்காரர்களுக்கு வருஷத்தில் தவறவிடக் கூடாத பதிவு ஒன்று உண்டு. ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற நேரம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள். அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். மேட்டூரில் திறந்து சில நாளில் கல்லணைக்கு வரும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். வெண்ணாறு எங்கள் பக்கம் மூணாறு தலைப்பு என்கிற மதகில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. தண்ணீர் எங்கே வந்துவிட்டது என்று மேல் ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

2024-ல் நான் படித்துறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணல் சுட்டுக்கொண்டிருந்தது. முதலில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. சருகு நகர்வதுதான் தெரிந்தது. மூங்கில் இலை, காய்ந்த தாமரைத்தண்டு, பழைய ரப்பர் செருப்பு, எல்லாவற்றையும் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. நாலு விரல் உயரம்கூட இருக்காது. மணலில் இருந்த குழிகளில் இறங்கி, குமிழி விட்டு, நிரப்பிக்கொண்டு மறுபடி நகர்ந்தது. அந்தக் குமிழிச் சத்தம் பதிவில் நன்றாக விழுந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு கை விதைநெல்லைத் தூவியது ‘சர்ர்’ என்று கேட்கும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அதை வேலை முடிந்து ரயிலில் போகும்போது கேட்டிருக்கிறாள். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டாளாம்.

பதிவுகளைப் பத்திரப்படுத்துவதில் சோம்பல் வேண்டாம். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு ஏதும் போட்டிருந்தால் இந்த ஒரு உரையாடலுக்காவது அதை எடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை முக்கியமான பதிவுகளைத் தனியாக எடுத்து, தேதி போட்டுப் பெயர் வைத்து, ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள். கூத்தாநல்லூரில் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் எடுத்த பதிவு ஒன்றில், பின்னாலிருந்து அவள் அத்தா ‘மன்னார்குடி பஸ்ஸு போயிடுச்சாம்மா?’ என்று கேட்பார். மூன்றே வினாடி. அவர் காலமான பிறகு அவளிடம் இருக்கிற அவர் குரல் அதுதான். என் பழைய போன் கெட்டுப்போனபோது அதில் இருந்த பலதும் போய்விட்டன. இது தப்பித்தது பென் டிரைவில் இருந்ததால்.

இன்னொரு சின்ன விஷயம். பலர் இருக்கிற வீட்டில் குரல்பதிவு சத்தமாகத்தான் ஓடும். மாமியார் கேட்பார், வீட்டுக்காரர் கேட்பார். மனசில் உள்ளதைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் ‘தனியாக் கேளு’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். நாங்கள் வெறுமனே ஒரு வெற்றிலைப் படம் போடுவோம்.

படம்

கோபுரத்தையும் பச்சை வயலையும் யாரும் எடுப்பார்கள், இணையத்திலும் கிடைக்கும். ஒரே இடத்தை மாதாமாதம் எடுத்து அனுப்புங்கள். நான் எங்கள் மதகுக் கட்டையில் நின்று ஒரே வயலை எடுக்கிறேன். நாற்றங்கால், நடவு, தூர் கட்டியது, கதிர் வாங்கியது, தை மாத அறுப்பு, நெல் தரிசில் முளைத்த உளுந்து, பிறகு வெடித்த வெறும் தரை. அவள் மகன் அதைப் பார்த்துத்தான் சோறு வருகிற வழியைத் தெரிந்துகொண்டான்.

ஊர் தேடும்போது என்ன சொல்வது

குழந்தை அம்மாவைக் காணாமல் சிணுங்கினால் ‘அம்மாவைத் தேடுது’ என்போம். அந்த வார்த்தைதான் பெரியவர்களுக்கும். ‘எனக்கு ஊரு தேடுதுடி’ என்று ஒரு நாள் வரும். நான் பார்த்த வரையில் போன முதல் மாதத்தில் வராது. புது இடம், புதுப் பாத்திரம், புதுத் துணி என்று அந்த மாதம் ஓடிவிடும். மூன்றாம் நான்காம் மாதத்தில், ஒன்றும் நடக்காத ஒரு சாயங்காலத்தில் வரும்.

இங்கே இருப்பவர் அப்போது மூன்று பதில் சொல்லக் கூடாது. ‘அப்ப வந்துடு’ என்று சொன்னால், வர முடியாதவருக்கு அது இன்னும் வலிக்கும். ‘சமாளிச்சுக்க, எல்லாம் பழகிடும்’ என்றால் அடுத்த முறை சொல்லவே மாட்டார். ‘கொடுத்து வச்சவ நீ, அங்க ஒக்காந்துக்கிட்டு அழுவுறே’ என்பது எல்லாவற்றையும்விட மோசம்.

கேட்க வேண்டியது: ‘எது தேடுது?’ ஊர் மொத்தமாக யாருக்கும் தேடுவதில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தேடும். வாசல் தெளித்த ஈரத்தின் வாசமாக இருக்கும். ஆற்றங்கரைக் காற்றாக இருக்கும். என் தோழிக்கு ஒரு ரமலானில் தேடியது நோன்புக் கஞ்சி. சிங்கப்பூரிலும் பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கிறார்கள். அது நன்றாகவும் இருக்கும் என்று அவளே சொல்கிறாள். அவளுக்குத் தேடியது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் நின்று இடித்துக்கொள்வதும், ‘தள்ளி நில்லுங்கடா’ என்ற அதட்டலும். மறுநாள் நான் கூத்தாநல்லூர் போய் அந்த வரிசையின் ஓரத்தில் நின்று ஒரு நிமிஷம் பதிவு செய்தேன். கஞ்சி ஊற்றியவர் எனக்கும் ஒரு வாளி கொடுத்தார். வாளி மூடியைத் திறக்கிற ‘டொக்’ சத்தத்தோடு அதை அனுப்பினேன். அவள் அழுதாள். அப்புறம் தூங்கினாள். அது தேடியதைத் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தேடுகிறது என்பதை ஒருத்தி காதில் வாங்கிக்கொண்டாள், அது போதும் என்று பட்டதாம்.

இப்போது போனவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஊரில் இருப்பவருக்கும் ஊர் தேடும்.

எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். ஊரில் மிஞ்சியது நான் ஒருத்தி. தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தாண்டித்தான் நான் தினமும் பால் வாங்கப் போகிறேன். நடவுக்குப் பெண்கள் வரிசையாக இறங்கிக் குலவை போட்ட வயலில் இப்போது மிஷின் இரைகிறது. பங்குனியில் ஆறு காய்ந்து கிடக்கும்போது படித்துறையில் உட்கார ஒரு துணை இருக்காது. போனவர் மனசில் ஊர் கிளம்பிய நாளில் இருந்தபடியே நிற்கிறது. இருப்பவர் கண் முன்னால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ‘நீ ஊர்லயே இருக்கே, உனக்கென்ன’ என்று அவள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் இதைச் சொன்னேன். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு எழுதினாள்: ‘உனக்கு எதுடி தேடுது?’ என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ‘படித்துறையில என் பக்கத்துல நீ ஒக்காந்திருந்த இடம்’ என்று எழுதினேன்.

அதனால் போனவர்களே, உங்கள் ஏக்கத்தைக் கொட்டி முடித்ததும் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.

கெட்ட செய்தியை மறைக்காதீர்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் பக்கமும் அடித்த அடியில் தென்னையெல்லாம் சாய்ந்தது, மின்கம்பம் வரிசையாக மடிந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. போனில் சார்ஜ் இல்லை, டவர் இல்லை. மூன்று நாள் அவளுக்கு இங்கே யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாது. டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், நீங்களும் செய்துகொள்ளுங்கள். திருச்சியிலோ சென்னையிலோ இருக்கிற ஒருவரின் எண்ணை இரண்டு பேரும் எழுதி வைத்திருக்கிறோம். புயல் என்றால் என்னால் முடிந்த முதல் நிமிஷத்தில் அவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் போகும். இன்டர்நெட் எடுக்காத இடத்திலும் அது சில சமயம் போய்விடும். அவர் அவளுக்குச் சொல்லிவிடுவார். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பவர் பேங்கைச் சார்ஜ் குறையாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் புயலில் நான் செய்த தப்பு வேறு. எட்டாம் நாள் ஸ்கூட்டியில் கூத்தாநல்லூர் போய் அவள் அம்மா அத்தாவைப் பார்த்தேன். கொல்லையில் இருந்த ஒட்டு மாமரம் வேரோடு பெயர்ந்து, கிணற்றுச் சுவரின் மேல் கிடந்தது. அவள் பரீட்சைக்குப் படித்த மரம். அதன் கிளையில் தூளி கட்டித்தான் அவள் தங்கையைத் தூங்க வைத்தார்கள். டவர் கிடைத்ததும் பேசினேன். ‘எல்லாரும் நல்லா இருக்காங்க, வீடு நல்லா இருக்கு’ என்றேன். ‘கொல்லை?’ என்றாள். ‘கொஞ்சம் கெளை ஒடிஞ்சிருக்கு’ என்றேன். தூரத்தில் இருக்கிறவளை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து அவள் வந்தாள். நானும் போயிருந்தேன். பெட்டியைக்கூட இறக்கவில்லை, நேரே கொல்லைக்குப் போனாள். அங்கே வெயில் அடித்தது. அந்த இடத்தில் வெயில் விழுந்து அவள் பார்த்ததே இல்லை. ‘மரம் எங்கடி?’ என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ‘நாலு மாசமா நான் அது நிக்கிதுன்னு நெனச்சுக்கிட்டே படுத்தேன்டி’ என்றாள்.

அன்றைக்கு முடிவு செய்தோம். இறப்பு, நோய், இடிந்தது, விழுந்தது, விற்றது எதையும் மறைப்பதில்லை. முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவது. ‘மனச தேத்திக்க, ஒண்ணு சொல்றேன்’ என்று இழுத்தால் கேட்கிறவருக்கு அந்த இடைவெளியில் எல்லாரும் செத்துப் பிழைப்பார்கள். யாருக்கு, என்ன, இப்போது எப்படி இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும். வேலை நேரத்தில் சொல்வதா, வீடு திரும்பிய பிறகா என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு உடனே தெரிய வேண்டும். எனக்கு, ராத்திரி என்றால் விடிந்த பிறகு போதும்.

பொட்டலம்

யாராவது அங்கே போகிறார்கள் என்றால் ஏதாவது கொடுத்தனுப்ப மனசு துடிக்கும். அப்பளம், வடகம், சீடை, மாவடு அனுப்பலாம். ஒன்றை மட்டும் நன்றாக நினைவில் வையுங்கள்: கசகசா கூடாது. அமீரகம், சவூதி, கத்தார் போன்ற வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தில் சிக்க வைக்கும். தனியாக அனுப்ப மாட்டோம். ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருக்கும். பொடி அனுப்புவதாக இருந்தால் கசகசா இல்லாமல் தனியாக அரையுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரையும் கொடுத்தனுப்பாதீர்கள். கொண்டுபோகிறவரிடம் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. மாட்டிக்கொண்டால் மாட்டுவது அவர்தான்.

கடன் கேட்பது, நிலம் பார்த்து வைக்கச் சொல்வது, வீட்டு வேலையை மேற்பார்வை பார்க்கச் சொல்வது, இதையெல்லாம் இந்தப் பேச்சோடு கலக்காதீர்கள். அவசியம் வந்தால் தனி நாளில், தனிப் பேச்சாகப் பேசி முடித்துவிடுங்கள்.

அவர் ஊருக்கு வரும்போது

திருச்சி விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரம். கூப்பிடப் போகிற வண்டியில் இடம் பிடிக்க வேண்டாம். முதல் இரண்டு நாள் அவர் வீட்டுக்காரர்களுக்கு உரியது. வந்தவருக்கு அந்த இரண்டு நாளும் எல்லாம் சின்னதாகவும் சத்தமாகவும் தெரியும். தெரு குறுகியது போல, கொசு கூடியது போல. அதை வாய்விட்டுச் சொன்னால் ‘பெரிய சிங்கப்பூர்க்காரி’ என்று பேர் வரும். உங்களிடம் சொல்லலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் போங்கள். கோவில், தர்கா, கடைவீதி என்று பட்டியல் போடாதீர்கள். ஒரு சாயங்காலம் மட்டும் கேளுங்கள்.

இந்தத் தையில் அவள் வந்தபோது எங்கள் ஊருக்குக் கூட்டிவந்தேன். அறுப்பு நேரம்; கொள்முதல் நிலையத்துக்குப் போகிற மூட்டை வண்டிக்கு வழி விட்டு ஓரமாக நின்றோம். மேலத்தெருவில் ஒரு பெண் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேலியில் சைக்கிள் சாய்ந்திருந்தது. என் தோழி நின்றாள். அந்தப் பெண்ணை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

‘என்னம்மா, சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டியா?’ என்றாள்.

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ‘நீங்க யாரு?’

‘வேலியில ரெண்டு தடவ கொண்டுபோயி விட்டியே, அடி ஒண்ணும் இல்லையே?’

அது என்னைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்து, தெருக்கோடி மதகு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், இறங்காமலே திருப்பி எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.